லோர்னா காதில் விழுந்தது

டாகர்ட் பள்ளத்தாக்கில் புகை வாசனை வந்தால் நாங்கள் யாரும் முதலில் வெளியே ஓடிப் பார்ப்பதில்லை. போனைத்தான் எடுத்துப் பார்ப்போம். வீட்டுக்கு வீடு ஒரே கேள்வி: "லோர்னா சொன்னாளா?"

லோர்னா ப்ரூவிட் எங்கள் தபால்காரர். வயது ஐம்பத்தெட்டு. இருபத்திரண்டு வருடமாக இந்தப் பள்ளத்தாக்கின் நாற்பத்து மூன்று வீடுகளுக்கும் தன் சொந்த வண்டியிலேயே தபால் கொண்டுவருகிறார். ஸ்டியரிங் இடப்பக்கம், தபால் பெட்டிகளோ சாலையின் வலப்பக்கம். அதனால் அவர் வலப்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, இடது காலை நீட்டி பிரேக்கை மிதித்து ஓட்டுவார். எதிரில் வருகிறவர்களுக்கு ஆளே இல்லாமல் ஒரு வண்டி வருவது போல இருக்கும்.

கணவர் மரம் வெட்டும் இடத்தில் இறந்துபோன பிறகு, சமையலறையில் ஏதாவது பேச்சுக்குரல் கேட்க வேண்டும் என்று அவர் ஒரு ஸ்கேனர் வாங்கினார். தீயணைப்புப் படையினர் ரேடியோவில் தங்களுக்குள் பேசிக்கொள்வதைப் பிடித்துத் தரும் சின்னப் பெட்டி. நான்கு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிழக்குச் சரிவில் தீ வந்தது. மாவட்டத்தின் எச்சரிக்கை எங்கள் போன்களுக்கு வருவதற்கு நாற்பது நிமிடம் முன்பே லோர்னா அதை ஸ்கேனரில் கேட்டுவிட்டார். ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டுச் சொன்னார். என் அம்மா ஈரத்தலையோடு வண்டியில் ஏறியது எனக்கு நினைவிருக்கிறது. ஒன்பது வீடுகள் எரிந்தன. ஆள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அன்றிலிருந்துதான் இந்தப் பழக்கம். போனில் ஒரு குழு உண்டானது. லோர்னா கேட்பார், எழுதுவார், நாங்கள் கிளம்புவோம். அவர் எழுதாவிட்டால் கிளம்ப மாட்டோம். மாவட்டத்துச் சைரன் ஊதினால்கூட மேல் வீட்டு வெர்ஜில் ஸ்லோகம் நாற்காலியை விட்டு எழமாட்டார். "கவர்மென்ட் சொன்னா யோசிப்பேன். லோர்னா சொன்னா செருப்பைத் தேடுவேன்" என்பார். எல்லோரும் சிரிப்போம். அது எவ்வளவு ஆபத்தான சிரிப்பு என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

லோர்னாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். ஏனென்றால் அவர் நிம்மதியாக இல்லை. ஸ்கேனர் இருப்பது சமையலறையில். அவர் இருப்பதோ காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை சாலையில். தீ பிடிப்பது பெரும்பாலும் மதியம் இரண்டுக்கு மேல், காற்று எழும் நேரத்தில். அவர் கேட்காத நேரத்தில் தீ வந்தால் நாற்பத்து மூன்று வீடுகளும் அவர் எழுதுவதற்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஸ்கேனரை வண்டியில் வைத்துப் பார்த்தார். அதனுடைய குட்டை ரப்பர் ஆன்டெனா, தகரக்கூண்டுக்குள் ஒன்றையும் பிடிக்கவில்லை. வண்டிக்கு வெளியே ஒரு ஆன்டெனா வேண்டும்.

அங்கேதான் சிக்கல். அவருடைய பழைய வண்டியின் இன்ஜின் அந்த வசந்தத்தில் போய்விட்டது. இப்போது ஓட்டுவது மகன் டேரனுடைய புது பிக்கப். டேரன் எட்டு மாதத்துக்கு அலாஸ்காவில் மீன்பிடிக் கப்பலில் இருந்தான். சாவியைக் கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டான். "அம்மா, எங்க வேணாலும் ஓட்டிக்கோ. ஓட்டை மட்டும் போட்டுடாதே."

ஜூன் மாதம் லோர்னா காந்தம் வைத்த ஆன்டெனா ஒன்றை வரவழைத்தார். அடியில் காந்தத் தட்டு, மேலே முழங்கை நீளத்துக்கு ஒரு கம்பி. கூரையில் வைத்தால் தானாக ஒட்டிக்கொள்ளும், துளை போட வேண்டாம். வைத்தார், வண்டியை எடுத்தார். முதல் திருப்பத்திலேயே அது கூரையிலிருந்து வழுக்கி, வயர் நீளத்துக்குத் தொங்கி, கதவில் தட்டிக்கொண்டே வந்தது.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு நகரத்தில் இருக்கும் ஹோபர்ட்டின் கடைக்குப் போனார். ஹோபர்ட் கோழித் தீவனமும் ரம்பச் சங்கிலியும் ரேடியோ சாமான்களும் ஒரே மேசையில் வைத்து விற்பவர். லோர்னாவோடு பள்ளியில் படித்தவர். நான் அன்று சங்கிலி வாங்கப் போயிருந்தேன்.

"என்னடா காந்தம் இது? ஒட்ட மாட்டேங்குது" என்று லோர்னா அதை மேசையில் வைத்தார். அது மேசையின் இரும்பு விளிம்பில் டொக்கென்று ஒட்டிக்கொண்டது.

ஹோபர்ட் வெளியே எட்டிப் பார்த்தார். "உன் பையன் வண்டியா? அது அலுமினியம்டி. காந்தம் எப்படி ஒட்டும்? பீர் டப்பாவுக்குச் சக்கரம் வெச்ச மாதிரி ஒரு வண்டி."

"அவன் காதுல விழுந்தா உன் கடையைக் கொளுத்திடுவான்."

"கொளுத்தட்டும். நீதான் முதல்ல கேட்டுச் சொல்லப் போறியே."

அதன்பின் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கண்ணாடியில் பசை போட்டு ஒட்டுகிற மாதிரி ஒன்றை ஹோபர்ட்டே எடுத்தார், பிறகு தானே திருப்பி வைத்துவிட்டார். அது செல்போனுக்காகச் செய்தது, தீயணைப்பு அலைக்கு உதவாது. கதவுக் கண்ணாடியின் விளிம்பில் மாட்டுகிற கொக்கி ஒன்று இருந்தது. லோர்னா அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "நான் நாள் முழுக்கக் கண்ணாடியை இறக்கிட்டுப் போறவ. எதுல மாட்டுவேன், என் மூக்குலயா?"

"சின்னதா அழகா ஒண்ணு இருக்கே, அது?" என்று லோர்னா விரல் நீளக் கறுப்பு ஆன்டெனா ஒன்றைக் காட்டினார்.

"அழகா இருக்கும். ஒண்ணும் கேக்காது" என்றார் ஹோபர்ட். "இந்தப் பக்கம் தீயணைப்புக்காரன் பேசுற அலை நீளமானது. கம்பியும் நீளமா இருக்கணும்."

கடைசியில் கிடைத்தது ஒரு வளைந்த இரும்புப் பட்டை. பானெட்டைத் தூக்கினால் ஓரத்தில் ஏற்கெனவே ஒரு போல்ட் இருக்கிறது. அதைக் கழற்றி, பட்டையை அடியில் வைத்து, அதே போல்ட்டை முறுக்கினால் போதும். பட்டையின் தலை பானெட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் கம்பியைத் திருகலாம். துளை இல்லை. வலப்பக்கம் வைத்தால் தபால் பெட்டிகளில் இடிக்கும் என்பதால் இடப்பக்கம் என்று முடிவானது.

ஹோபர்ட் போல்ட்டைக் கழற்றிவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்தார். லோர்னா அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்ன பண்றே?"

"போல்ட் உட்கார்ற இடத்துல பெயின்ட்டைச் சுரண்டணும். நகத்தளவு. பட்டை உலோகத்தைத் தொட்டாத்தான் வண்டி உடம்பு முழுக்க ஆன்டெனாவுக்கு உதவும். பெயின்ட் மேல வெச்சா பாதி வேலைதான் செய்யும்."

"கீறலாம்னு அவன் சொல்லலியே."

"ஓட்டைதானே போடக்கூடாதுன்னான்?"

லோர்னா அங்கிருந்தே அலாஸ்காவுக்குக் கூப்பிட்டார். டேரன் எடுக்கும்போதே பின்னால் கடற்பறவைகள் கத்தின. விஷயத்தைக் கேட்டுவிட்டு அவன் சிரித்தான். ஸ்பீக்கரில் இருந்ததால் எங்களுக்கும் கேட்டது. "அம்மா, சுரண்டினா அங்க அரிக்க ஆரம்பிச்சிடும். அந்த ஹோபர்ட் கிழவன் கையில கத்தி குடுத்தா நகத்தளவுல நிறுத்துவாரா? சுரண்டாம மாட்டினா கேக்காதா?"

"கேக்கும்டா தம்பி" என்றார் ஹோபர்ட். "பக்கத்துல நல்லா கேக்கும். எட்டத்துல தேஞ்சு தேஞ்சு கேக்கும்."

"அப்ப போதுமே."

லோர்னா கழற்றிய போல்ட்டை எடுத்து ஹோபர்ட் கையில் வைத்தார். பிறகு, "அப்படியே மாட்டு. வண்டி அவனோடது" என்றார்.

மறுநாள் தபால் கொடுத்துக்கொண்டே ஸ்கேனரை வானிலை அறிக்கையில் வைத்துச் சோதித்தார். ரேடியோப் பேச்சை வாங்கி மறுபடி அனுப்பும் ரிலே கோபுரம் இருப்பது மேற்கே, சேண மலை உச்சியில். மேல் வீடுகளில் மணியாகக் கேட்டது. கீழே பாலத்தருகிலும் கேட்டது. நடுவில் குவாரி வளைவில் மட்டும் பாறை மறைக்கிறது. அங்கே குரல் வரும், கரகரக்கும், போகும், மறுபடி வரும். எங்கள் பள்ளத்தாக்கில் போனுக்கு சிக்னல் கிடைக்கும் ஒரே இடமும் அந்த வளைவுதான். அங்கே மட்டும் மலை கிழக்கே திறந்து நகரத்தைக் காட்டும். வீடுகளில் இருப்பவர்கள் இன்டர்நெட் வயரை வைத்துச் சமாளிப்பார்கள். சாலையில் இருப்பவர் செய்தி அனுப்ப வேண்டுமானால் குவாரி வளைவுக்குத்தான் வர வேண்டும். அதாவது லோர்னா பேச வேண்டுமென்றால், சரியாகக் கேட்காத இடத்தில் நின்றுதான் பேச வேண்டும். இதை அவர் என் அம்மாவிடம் சொன்னார். "அரை நிமிஷம்தான் போகுது. அதுக்குள்ள என்ன பெருசாப் பேசிடப் போறான்?"

ஜூலையில் இரண்டு தடவை சின்னதாகத் தீ பிடித்ததை வண்டியிலிருந்தே கேட்டு எழுதினார். இரண்டும் சரியாக இருந்தன. ஆகஸ்டில் ஒரு தடவை. அதுவும் சரி. கம்பியின் நுனியில் யாரோ ஒரு ஆரஞ்சு ரிப்பன் கட்டிவிட்டார்கள். சாலையில் அந்த ரிப்பன் ஆடிக்கொண்டு போவதைப் பார்த்தாலே எங்களுக்கு ஒரு தைரியம்.

செப்டம்பர் பதினெட்டு, வியாழக்கிழமை. வடக்குக் காற்று காலையிலிருந்தே அடித்தது. இரண்டு மணி பத்து நிமிடத்துக்குப் பாலத்துக்குக் கீழே புல்லில் தீ பிடித்தது. லோர்னா அப்போது மேல் வீடுகளைப் பாதி முடித்திருந்தார். ஸ்கேனரில் எல்லாம் தெளிவாகக் கேட்டது: எத்தனை ஏக்கர், காற்று எந்தப் பக்கம், கட்டாய வெளியேற்றம். தபாலை அப்படியே விட்டுவிட்டு வளைவுக்கு ஓட்டினார்.

எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து வெளியேற இரண்டு வழிகள். கீழே போனால் பாலம், அப்புறம் நகரம். மேலே போனால் கட்லர் சாலை. ஒற்றைத்தட மண்சாலை, மலை முகட்டைத் தாண்டி மறுபக்கம் இறங்கும். தீ இருந்தது பாலத்துப் பக்கம். கீழே புகை சாலையை மூடுவது லோர்னாவுக்கு வளைவிலிருந்தே தெரிந்தது. எந்த வழி என்று சொல்ல வேண்டும். வண்டியை நிறுத்தினார். ஒரு கையில் போன், இன்னொரு கையால் ஸ்கேனரின் சத்தத்தை முழுவதும் ஏற்றினார். கரகரப்பு. பிறகு ஒரு ஆண் குரல்: "கட்லர் ரோடு திறந்திருக்கு…" மறுபடியும் கரகரப்பு.

பத்து நொடி காத்திருந்தார். வேறொன்றும் வரவில்லை. எழுதினார்.

"கட்லர் திறந்திருக்கு. குவாரிக்கு மேல இருக்கறவங்க எல்லாம் மேல ஏறிப் போங்க. கீழ வராதீங்க. இப்பவே."

வெர்ஜிலின் மனைவி நெட்டி ஸ்லோகமிடமிருந்து உடனே பதில் வந்தது. அது எல்லார் போனிலும் இன்னும் இருக்கிறது. "நிஜமாவா? நாங்க கீழதான் வரலாம்னு இருந்தோம்."

லோர்னா எழுதினார்: "என் காதால கேட்டேன்."

அதற்குப்பின் அவர் செய்ததையும் சொல்ல வேண்டும். மேலே ஏறித் தப்பித்துப் போகவில்லை. குவாரிக்குக் கீழே இருந்த பதினெட்டு வீடுகளுக்கும் ஹாரனை அழுத்திக்கொண்டே போனார். எங்கள் வீட்டு வாசலில் நின்று, "கீழ வீட்டுக்காரங்க பாலத்து வழியாப் போங்க, இன்னும் விடறாங்க. பூனையை விட்டுத் தொலைங்க, கிளம்புங்க!" என்று கத்தினார். நடக்க முடியாத ஒரு பெரியவரைத் தபால் பைகளின் மேல் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். நாங்கள் பாலத்தைத் தாண்டினோம். புகையில் முன்வண்டியின் விளக்குகூடத் தெரியவில்லை. ஆனால் தீ சாலைக்கு வரவில்லை. மூன்றே கால் வரைக்கும் அந்தச் சாலை திறந்தே இருந்தது.

வேலைநாள் என்பதால் மேல் வீடுகளில் பாதிப் பேர்கூட இல்லை. கட்லர் சாலையில் ஏழு வண்டிகள் ஏறின. அதற்குள் சரிவு வழியாக மேலே ஏறியிருந்த தீ, முகட்டுக்கு அருகில் காற்று திரும்பியதும் சாலைக்குக் குறுக்கே பாய்ந்தது. ஆறு வண்டிகள் பெயின்ட் கொப்பளித்து மறுபக்கம் போய்ச் சேர்ந்தன. ஏழாவது நெட்டியுடையது.

வெர்ஜில், ஆடுகளை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று பத்து நிமிடம் பின்தங்கி, தன் வண்டியில் வந்திருக்கிறார். கட்லர் திருப்பத்தில் தீயணைப்பு இன்ஜின் ஒன்று அவரை மறித்துத் திருப்பிவிட்டது. அன்று மாலை நகரத்துக் கண்காட்சி மைதானத்து மண்டபத்தில், தப்பி வந்தவர்களுக்காக மடக்குக் கட்டில்கள் போட்டிருந்தார்கள். அவர் ஒன்றின் மேல் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். லோர்னா ஓடிவந்தார்.

"வெர்ஜில்! நெட்டி எங்க?"

"நீ சொன்ன வழியில போனா" என்றார் அவர். குற்றம் சாட்டும் குரல் இல்லை. அப்போது அவருக்கு ஒன்றும் தெரியாது. "மறுபக்கம் எங்கயாவது நிப்பா. அவகிட்ட சார்ஜ் இருக்காது."

மறுநாள் காலை பத்து மணிக்குக் கண்டுபிடித்தார்கள்.

அதன்பிறகு பள்ளத்தாக்கு இரண்டாகப் பிரிந்தது. அவளுக்கு யார் இந்த வேலையைக் கொடுத்தது என்றார்கள் சிலர். வேறு சிலர் அவர் வாசலில் சமைத்த தட்டுகளை வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் திரும்பினார்கள். நெட்டி இறந்தது தெரிந்த அன்று டேரன் கப்பலிலிருந்து கூப்பிட்டான். வளைவில் குரல் பாதியில் கரகரத்துப் போனதைக் கேட்டு அழுதான். "ஓட்டையே போட்டிருக்கலாமேம்மா. நான் என்ன சொல்லிடப் போறேன்?" அவர் அவனைச் சமாதானப்படுத்தினாராம். ஹோபர்ட் தானாகவே வீட்டுக்குப் போய், "அந்த வளைவுல சர்ச் மணியைக் கட்டினாலும் கேக்காது லோர்னா. சுரண்டியிருந்தாலும் இதான் நடந்திருக்கும்" என்றார். லோர்னா கேட்டது ஒன்றுதான்: "நிச்சயமாத் தெரியுமா?" ஹோபர்ட்டுக்குப் பொய் சொல்லத் தெரியாது. தெரியாது என்றார். இன்றுவரை யாருக்கும் தெரியாது.

நவம்பரில் விசாரணை அதிகாரி ஒருவர் அவரைக் கூப்பிட்டார். என் அம்மா துணைக்குப் போயிருந்தார். அம்மா சொன்னதுதான் இது. அதிகாரி மேசைக் கணினியில் அன்றைய ரேடியோப் பதிவை ஓடவிட்டார். கோபுரத்தில் பதிவானது, அதனால் கரகரப்பே இல்லை. அதே ஆண் குரல்.

"கட்லர் ரோடு திறந்திருக்கு, தீயணைப்பு இன்ஜின்களுக்கு மட்டும். பொதுமக்கள் வண்டி எதையும் மேலே விடாதே."

லோர்னா சொன்னார்: "இன்னொரு தடவை போடுங்க."

போட்டார்கள்.

"இன்னொரு தடவை."

அதிகாரி தயங்கினார். "அம்மா, உங்க மேல வழக்கு எதுவும் இல்லை. நீங்க அரசாங்க ஆளும் இல்லை."

"அது எனக்குத் தெரியும். இன்னொரு தடவை போடுங்க."

அங்கிருந்து அவர் நேராக வெர்ஜில் தங்கியிருந்த மோட்டலுக்குப் போனார். அம்மா வண்டியிலேயே இருக்கிறேன் என்றார். லோர்னா, "இல்லை, கூட வா. பாதியில நான் திரும்பிடுவேன்" என்றார்.

வெர்ஜில் கதவைத் திறந்தார். அறையில் தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. லோர்னா உட்காரவில்லை. பதிவில் இருந்ததை வார்த்தை மாறாமல் சொன்னார். தான் கேட்டது எதுவரை என்றும் சொன்னார். பானெட்டில் பட்டையை மாட்டியதையும், சுரண்ட வேண்டாம் என்று தான் சொன்னதையும் சொன்னார்.

வெர்ஜில் தொலைக்காட்சியை அணைத்தார்.

"எங்க வீடு எரியலை, தெரியுமா?" என்றார். "சுத்தி எல்லாம் எரிஞ்சு போச்சு. வீடு நிக்குது. அடுப்புல அவ வெச்ச பீன்ஸ் அப்படியே இருந்துச்சு. கெட்டுப்போய்."

"தெரியாது."

"போன தடவை நீ சொல்லித்தான் பொழைச்சோம். அதுவும் நெஜம். ரெண்டையும் வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலை லோர்னா."

"என்னைத் திட்டு."

"திட்டத் தெரிஞ்சா திட்ட மாட்டேனா?" அவர் லோர்னா கையிலிருந்த போனைக் காட்டினார். "அந்தக் குரூப்புலேருந்து என் நம்பரை எடுத்துடு. மத்தவங்களுக்கு நீ எழுது. எழுதாதேன்னு சொல்ல நான் யாரு? எனக்கு மட்டும் வேணாம். இனிமே புகை வந்தா நானே வெளிய வந்து பார்த்துக்கறேன்."

லோர்னா தன் போனைத் திறந்தார். எங்கே அழுத்துவது என்று தெரியவில்லை. வெர்ஜிலுக்கும் தெரியவில்லை. இருவரும் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு அந்தச் சின்னத் திரையின் மேல் குனிந்தார்கள்.

"இதையெல்லாம் நெட்டிதான் பண்ணிக் குடுத்தா" என்றார் லோர்னா.

"தெரியும்" என்றார் வெர்ஜில்.

அம்மாதான் போனை வாங்கி, பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போய், 'ஸ்லோகம், வெர்ஜில்' என்ற பெயரை நீக்கினார். அதற்கு நேர் மேலே 'ஸ்லோகம், நெட்டி' என்று இருந்தது. அம்மா விரலை அங்கே வைத்துவிட்டு இருவரையும் நிமிர்ந்து பார்த்தார். இருவரும் திரையில் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அந்தப் பெயரை அப்படியே விட்டுவிட்டு, போனை மூடி லோர்னாவின் கையில் கொடுத்தார்.